செஞ்சி அம்மா

மகளுக்கு ஒரு வயது முடிந்த மாதத்தில் என் மனைவியின் பிரசவ விடுப்பும் முடிந்தது. அவள் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஊருக்குப் பக்கத்தில் மாற்றல் கேட்டிருந்தாள். கிடைக்கும் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று அவள் கேட்டபோது வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். என் அம்மா உயிரோடு இல்லை. அவளுடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். பஜாரில் எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக் கடை இருக்கிறது. அதில் அண்ணனும் நானும் உட்காருவோம். "கடைய நான் பாத்துக்கறன், நீ புள்ளயப் பாத்துக்க. ஒரு வருசம்தான, ஓடிடும்" என்றார் அண்ணன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிள்ளை வளர்ப்பது கஷ்டம் என்று தெரியும். அது இவ்வளவு தனிமையாக இருக்கும் என்று தெரியாது. ஊட்டி, குளிப்பாட்டி, துணி அலசிப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் பொழுது அப்படியே முழுசாக மிச்சம் கிடக்கும். மலையிலிருந்து குரங்குகள் இறங்கி வரும் தெரு எங்களுடையது. ஒருநாள் குழந்தையின் கையிலிருந்த வாழைப்பழத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. அதன் பிறகு கதவு ஜன்னலெல்லாம் சாத்தியே வைத்திருந்தேன். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் எவர்சில்வர் அடுக்குகளை இழுத்துத் தள்ளுவாள், அண்ணனின் வியாபாரம் கெடும். தெருவில் தெரிந்தவர்கள், "இன்னாப்பா, இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்று சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. நானும் சிரித்தபடி பதில் சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொள்வேன்.

சாயங்காலம் மனைவி வீடியோ காலில் வருவாள். "பாப்பா சாப்டாளா? மோஷன் போனாளா? ஜுரம் இல்லயே?" என்று கேட்பாள். "எல்லாம் நல்லா இருக்குது" என்பேன். அவள் முகம் அப்போது லேசாகத் தெளியும். அந்தத் தெளிவைப் பார்ப்பதற்காகவே அதையே தினமும் சொன்னேன்.

சித்திரை வெயிலில் ஒரு மதியம் கரண்ட் போயிருந்தது. மகளுக்குச் சளி. சாப்பிடவும் மாட்டேன், தூங்கவும் மாட்டேன் என்று காலையிலிருந்து அழுகை. தோளில் போட்டு நடந்து நடந்து என் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. பாயில் இறக்கிவிட்டு, "வாய மூடு!" என்று கத்தினேன். அது என் குரல் மாதிரியே இல்லை. குழந்தை ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு முன்னைவிடப் பெரிதாக அழுதாள். நான் மாடிப்படி ஏறி, மொட்டை மாடிக் கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டேன். கால் சுட்டது. எதிரே கோட்டை மலையின் பாறைகள் வெயிலில் வெளிறிப்போய்க் கிடந்தன. கீழே அழுகை ஓயும்வரை நின்றேன்.

இறங்கி வந்தபோது படிக்கட்டின் அடியில், கன்னத்தைத் தரையில் வைத்துத் தூங்கியிருந்தாள். தூக்கத்திலும் விம்மல் வந்துகொண்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கத்தியதற்காக மட்டும் நான் பயப்படவில்லை. மாடியில் நின்றிருந்தபோது கீழே வரவே வேண்டாம் என்று தோன்றியது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்படியே உட்கார்ந்து ஃபோனில் தட்டினேன்: 'குழந்தை மேல் கோபம் வருகிறது, என்ன செய்வது.' எதையெதையோ காட்டிவிட்டு, சின்னக் குழந்தைகளின் பெற்றோருக்கு மனநல உதவி என்று ஓர் ஆப்பைக் காட்டியது. தமிழிலேயே இருந்தது. ஊர் கேட்டது, குழந்தையின் வயது கேட்டது, தாயா தந்தையா என்று கேட்டது. தந்தை என்று அழுத்தினேன். அடுத்த திரையில், 'வணக்கம், செஞ்சி அம்மா!' என்று வந்தது. யாருடைய பெயரும் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக ஊர்ப்பெயரோடு அம்மாவைச் சேர்த்து அதுவே ஒரு பெயரைக் கொடுத்துவிடுகிறது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு அது. உதவி என்ற இடத்தில் போய், 'நான் அப்பா, பெயரை மாற்றவும்' என்று எழுதிப் போட்டேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி, அம்மா' என்று பதில் வந்தது.

மூச்சை இழுத்துப் பிடி, விடு, உன்னை நீயே மன்னித்துக்கொள் என்றெல்லாம் ஆப்பில் ஒரு குரல் சொல்லும். கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்ப்பேன். அதெல்லாம் பரவாயில்லை. என்னைப் பிடித்து வைத்தது புதன்கிழமை மதியக் கூட்டம். குழந்தைகள் தூங்கும் நேரம் பார்த்து எல்லாரும் ஒரே அழைப்பில் சேருவார்கள். முகம் தெரியாது, குரல் மட்டும். பேச முடியாதவர்கள் எழுதலாம். ஆலோசகர் ஒரு பெண். அவரை எல்லாரும் மேடம் என்பார்கள். பெருந்துறை அம்மா, தூத்துக்குடி அம்மா, போளூர் அம்மா என்று ஏழெட்டுப் பேர். மகள் என் தோளில்தான் தூங்குவாள் என்பதால் நான் எப்போதும் எழுதுவதோடு சரி.

முதல் வாரமே மொட்டை மாடி விஷயத்தை எழுதினேன். மேடம் அதைப் படித்துக் காட்டினார். பிறகு போளூர் அம்மாவின் குரல் வந்தது. வேகமாகப் பேசுகிற, கொஞ்சம் கட்டையான குரல்.

"செஞ்சிக்கா, எங்கூட்ல மாடி இல்ல. நான் பாத்ரூமுக்குப் போயி கொழாயத் தொறந்து வுட்டுக்கினு நிப்பன். தண்ணி சத்தத்துல புள்ள அழுவறது கேக்காது. அவ்ளோதாங்கா வித்தியாசம்."

மகள் எழுந்துவிடக் கூடாதே என்று சத்தம் வராமல் அழுதேன். அவ்வளவு நாளும் என்னைத் தவிர இந்த உலகத்தில் எல்லாருக்கும் பிள்ளை வளர்க்கத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் என்னைப் பெண் என்று நினைத்திருப்பது எனக்கு உடனே தெரியவில்லை. எங்கள் பேச்சிலேயே அதற்கு இடம் இருக்கிறது. 'அவங்க சென்னையில வேல, லீவு கெடச்சாதான் வருவாங்க' என்று எழுதினால், அந்த 'அவங்க' மனைவியாகவும் இருக்கலாம், கணவனாகவும் இருக்கலாம். போளூர் அம்மா அக்கா என்றபோது, பட்டியலில் அம்மா என்று இருப்பதால் சொல்கிறாள் போலிருக்கிறது, மேடத்துக்குத் தெரியும்தானே என்று விட்டுவிட்டேன். பெயரை மாற்றச் சொல்லி எழுதிப்போட்டதை எங்கேயோ யாரோ படித்திருப்பார்கள் என்றும் நம்பினேன்.

மழைக்காலம் வரைக்கும் புதன்கிழமைகள்தான் என் வாரத்தின் நடுத்தூண். போளூர் அம்மாவின் பையனுக்கு என் மகளைவிடச் சில மாதம் குறைவு. அவன் தவழ்ந்தது, பல் முளைத்தது எல்லாம் எனக்குத் தெரியும். மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சும் பக்குவத்தை அவளிடம்தான் கற்றுக்கொண்டேன். சளிக்கு எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று என் மனைவியிடம் கேட்டுப் போளூர் அம்மாவுக்கு எழுதினேன். "செஞ்சிக்கா எழுதுனத படிச்சா, நான் மன்சுல நெனச்சத யாரோ எழுதுன மாரி இருக்குது" என்று ஒருமுறை சொன்னாள்.

ஒரு வாரம் கூட்டம் முடிகிற நேரத்தில், "எனக்கு ஒண்ணு சொல்லணும். ஊட்ல ஆளு இருக்குது. அடுத்த வாரம் சொல்றன்" என்றாள். அடுத்த வாரம் அவளுடைய மாமியாருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் வந்தாள். கதவைத் தாழ் போடுகிற சத்தம் கேட்டது.

"இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எங்கூட்டுக்காரருக்கே தெரியாது. புள்ள பொறந்ததுலேர்ந்து எனக்கு இன்னா தோணுதுன்னா..."

என் மகள் தூக்கம் கலைந்து ஃபோனைப் பிடுங்கினாள். "ஏய் பாப்பா, குடு, ஃபோன குடு" என்றேன். அவள் விரல் பட்டு மைக் திறந்திருந்தது.

"யாருங்க அது? ஆம்பளக் கொரல் கேக்குது" என்றார் பெருந்துறை அம்மா. "செஞ்சி அம்மா வீட்டுக்காரரு பக்கத்துல இருக்காருங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர்கள் அதையும் நம்பியிருப்பார்கள். எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "நான்தாங்க செஞ்சி. எப்பவும் எழுதறது நான்தான். நான் பாப்பாவோட அப்பா" என்றேன்.

எங்கோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடுவது கேட்டது.

"அப்ப இவ்ளோ நாளா நான் அக்கா அக்கான்னு..." என்றாள் போளூர் அம்மா. அவள் பெயர் திரையிலிருந்து மறைந்தது. மேடம் ஏதோ சமாதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் இன்னும் இரண்டு மூன்று பெயர்கள் போய்விட்டன. நானும் வெளியே வந்துவிட்டேன்.

அவள் என்னைக் கண்டு பயப்படவில்லை என்று இப்போது புரிகிறது. கணவனிடம் சொல்லாத ஒன்று ஓர் ஆணின் காதில் விழுந்தால் அது எங்கெங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். செஞ்சிக்கும் போளூருக்கும் ஒரு பஸ் தூரம்தான். யாருக்கு யார் சொந்தம் என்று எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு ஆப்பில் என் பெயர் சட்டென்று 'செஞ்சி அப்பா' ஆகிவிட்டது. அப்பாக்களுக்கென்று சனிக்கிழமைகளில் ஒரு கூட்டம் ஆரம்பித்தார்கள். ஆலோசகர் ஓர் ஆண். நல்ல மனிதர். நான் ஒருவன்தான் வந்தேன். "வெயிட் பண்ணுவோம் சார், இன்னும் ரெண்டு பேர் வருவாங்க" என்றார். காத்திருந்தோம். எங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். சில வாரங்கள் இப்படியே போயிற்று. பிறகு நான் போகவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

போளூர் அம்மா திரும்ப வந்தாளா என்று மேடத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்ல அனுமதி இல்லை என்று பதில் வந்தது. கூடவே ஒரு வரி: 'உங்க மேல எந்தத் தப்பும் இல்ல சார்.' அந்த வரியை நிறையத் தடவை படித்தேன். தப்பு இல்லைதான். ஆனால் அவள் பல மாதம் தயங்கி, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தபோது, அதை மூட வைத்தது என் குரல். அதற்கு நான் என்ன செய்வது?

பொங்கலுக்கு வந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேழ்வரகுக் கூழை ருசி பார்த்துவிட்டு, "யாரு சொல்லிக் குடுத்தது?" என்று அவள் கேட்டதில் ஆரம்பித்தது. செஞ்சி அம்மா என்றதும் வாய்விட்டுச் சிரித்தாள். மொட்டை மாடியைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"முன்னப் பின்ன தெரியாத பொம்பளைங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரில."

"நீ டென்ஷனாயிடுவன்னுதான் சொல்லல."

அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் உங்கள எப்படி இருக்கிங்கன்னு ஒருநாள்கூட கேட்டதில்ல. கவனிச்சிங்களா?"

நான் கவனித்திருக்கவில்லை.

"வேணும்னேதாங்க கேக்கல. கேட்டா உண்மையச் சொல்லிடுவிங்களோன்னு பயம். சொல்லிட்டா நான் வேலைய வுட்டுட்டு வரணும். அதான் பாப்பாவப் பத்தி மட்டும் கேட்டுட்டு ஃபோன வெச்சிடுவன். வெச்சிட்டு ஹாஸ்டல்ல யாரோடயும் பேசாம படுத்துப்பன்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவருக்கு ஒருவர் நல்லது செய்வதாக நினைத்து, இரண்டு பேரும் சேர்ந்து அந்த வருடத்தைக் கெடுத்திருந்தோம். அவளிடம் சொல்ல வேண்டியதை நான் ஓர் ஆப்பில் எழுதினேன். என்னிடம் கேட்க வேண்டியதை அவள் கேட்காமலே விட்டாள். இடையில், சம்பந்தமே இல்லாத ஒருத்தி தன் இடத்தை இழந்தாள்.

பொங்கல் முடிந்து அந்த வருடக் கடைசியில்தான் மாற்றல் வந்தது. திண்டிவனம் பக்கம். காலையில் பஸ் ஏறி இரவு சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறாள். இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் கடைக்குத் திரும்பிவிட்டேன். மகளுக்கு நான் கத்திய அந்த மதியம் ஞாபகம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். எப்போதாவது நான் குரலை உயர்த்தினால் அவள் நின்றுவிடுகிற விதத்தைப் பார்க்கும்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

போன ஆவணியில் மனைவி வழியில் ஒரு கல்யாணம், போளூரில். மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது என்னை அறியாமலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் பிள்ளைகளை இடுப்பில் வைத்த பெண்கள். பின்னால் யாரோ வேகமாகப் பேசினால் திரும்பிப் பார்த்தேன். எந்தக் குரலும் அந்தக் குரல் இல்லை. இருந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். காலம் போய்விட்டது.

"யாரத் தேடறிங்க?" என்றாள் மனைவி. அவளே புரிந்துகொண்டாள். "கெடச்சா இன்னா சொல்லப் போறிங்க?"

"ஒண்ணும் சொல்ல மாட்டன். பாதியில வுட்டத வேற யார்கிட்டயாவது சொன்னாளான்னு தெரிஞ்சா போதும்."

"சொல்லியிருப்பா" என்றாள். பிறகு, "சொல்லாமலும் இருப்பாங்க. எங்க வார்டுல நெறைய பேரப் பாக்கறன்" என்றாள்.

சாப்பிட்டு முடித்து, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். வழியில் சேத்துப்பட்டு ஊரைத் தாண்டியதும் மனைவி குழந்தையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு, "கால் மரத்திருக்கும், நல்லா நீட்டி உக்காருங்க" என்றாள். நீட்டி உட்கார்ந்தேன். வெளியே மணிலாக்கடலை வயல்களில் ஆட்கள் வேலை முடிந்து கரையேறிக்கொண்டிருந்தார்கள்.