எடை மேடை வந்தா காலைத் தூக்கணும்

திருவொற்றியூர் போற வழியில, லாரியைச் சரக்கோட எடை போடுற மேடை ஒண்ணு இருக்கு. துருப்பிடிச்ச ஒரு போர்டைத் தவிர அங்க பார்க்க ஒண்ணும் கிடையாது. ஆனா ஷேர் ஆட்டோ அதைத் தாண்டும்போதெல்லாம் என் மாமியார், வீட்டுக்காரர், நாத்தனார் மூணு பேரும் காலைத் தூக்கிக்குவாங்க. "தூக்கு தூக்கு, நம்ம வெயிட்டும் ஏறிடப் போவுது!"ன்னு ஒரே சிரிப்பு. என்னைத் தூக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. நானா தூக்க ரோஷம் விடலை. வெளியே திரும்பிக்குவேன்.

போன மாசம் கொழுந்தன் பொண்டாட்டி புதுசா வந்தா. முதல் தடவை ஆட்டோவுல போகும்போதே மாமியார் அவ முட்டியைத் தட்டி, "இந்தா பொண்ணு, காலைத் தூக்கு!"ன்னாங்க. அவளும் தூக்கிச் சிரிச்சா. எனக்கு வயிறு எரிஞ்சுது. அன்னிக்கு அவகிட்ட ஒரு வார்த்தை பேசலை.

அடுத்த வாரம் எங்கம்மாவோட அதே வழியில போனேன். எடை மேடை வந்ததும் என் கால் ரெண்டும் தானா மேலே போச்சு. சிரிப்பு வேற வந்துடுச்சு.

"இன்னாடி, காலைத் தூக்கிகினு சிரிக்கிற?"ன்னு அம்மா கேட்டாங்க.

"ஒண்ணுமில்லம்மா, அது எங்க வூட்டு ஜோக்கு."

அம்மா வெளியே திரும்பிக்கிட்டாங்க, இத்தனை வருஷமா நான் திரும்பின மாதிரியே.