எந்த மென்பொருள் வாங்குவது என்று கேட்ட வெள்ளிக்கிழமை

சித்தூரில் நாங்கள் ஸ்டிக்கர் கடை போட்ட நாலாம் வருடம் ஒரு போர்டைத் தப்பாக வெட்டிக் கொடுத்தேன். திருப்பதியில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் ஐயங்கார் குடும்பம் ஒன்றின் போர்டு அது. மேலே நாமம், கீழே தெலுங்கிலும் தமிழிலும் எழுத்து. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாமத்தை மட்டும் கடையில் கிடந்த படச் சிடியிலிருந்து எடுத்து அப்படியே போட்டுவிட்டேன். நாங்கள் எல்லையோரக் கிராமத்து ஜனங்கள். மலைக்கு நடந்து போவோம், மொட்டை போடுவோம், திரும்பி வருவோம். நாமத்தில் எத்தனை வகை என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

போர்டை வாங்க வந்த பெரியவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாதம் எங்கேம்மா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தன் நெற்றியைக் காட்டினார். வெள்ளைக் கோடுகள் இரண்டும் புருவத்துக்கு நடுவில் சேர்ந்து, மூக்கின்மேல் சின்னதாக இறங்கி நின்றன.

"நாங்க தென்கலை. நீ போட்டிருக்கறது வடகலைத் திருமண். இதை மாட்டினா எங்க மனுஷா எவனும் என்னை நம்பிச் சமையல் குடுக்கமாட்டான்."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால், வேறு செய்து தருகிறேன் என்று தலையை ஆட்ட வேண்டியதாயிற்று.

ஆனால் எனக்கு அதை வரையத் தெரியாது. ஸ்டிக்கர் வெட்டும் மெஷினோடு சும்மா வந்த மென்பொருள்தான் எங்களிடம் இருந்தது. எழுத்து அடிக்கலாம், பெரிதாக்கலாம், வெட்டலாம். வளைவு வரைய வேண்டுமென்றால் அதில் முடியாது. வளைவெல்லாம் என் வீட்டுக்காரர் கையாலேயே வரைந்து வெட்டிப் பார்த்துக்கொண்ட வேலை. அவரோ குவைத்தில் இருந்தார்.

கடை போட்ட மறுவருடமே போய்விட்டார். அங்கே ஒரு போர்டு கம்பெனியில் டிசைன் வேலை. இரண்டு வருடம் சம்பாதித்துக்கொண்டு வந்து, பெரிய மெஷின் வாங்கி, திருப்பதியில் இன்னொரு கடை போடுவது என்று பேச்சு. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு வருடம் முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தது.

அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குத்தான் கடைக்குப் போன் செய்வார். எனக்கு வெள்ளிக்கிழமைதான் கூட்டம். புது வண்டிக்குப் பூஜை போட்டுவிட்டு நேரே நம்பர் ஸ்டிக்கருக்கு வந்து நிற்பார்கள். இது அவருக்கு ஒரு நாளும் நினைவிருந்ததில்லை. நானும் சொன்னதில்லை. சொன்னால் வேறு நாள் பார்க்கிறேன் என்பார். வேறு நாள் அவருக்கு ஏது?

"ஒரு நாமம் வரஞ்சி அனுப்பு. பாதம் வச்சது," என்றேன்.

"இன்னா பாதம்?"

"உனக்கும் தெரியாதா? நல்ல புருசன் பொண்டாட்டி."

சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு போர்டு கெடுக்கலாம் என்று தோன்றியது. எழுதும்போது 'அவர்' என்கிறேன். பேச்சில் எனக்கு அவர் எப்போதும் 'நீ'தான்.

நாலு நாளில் ஈமெயில் வந்தது. நெட் சென்டரில் சிடியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். திறக்கவே இல்லை. அங்கே அவர் வரையும் மென்பொருளே வேறு. மறுபடி வேறு மாதிரி சேமித்து அனுப்பினார். திறந்தது, ஆனால் ஒரு வளைவுக்கு நூறு புள்ளி. மெஷினின் கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் நின்று நின்று போய், வினைல் ஓரமெல்லாம் எலி கடித்தது போல வந்தது. இனி ஒழுங்கான மென்பொருள் ஒன்று வாங்காமல் கடை நடக்காது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எதை வாங்குவது?

திருப்பதியில் வினைல், ஃபிளெக்ஸ், மெஷின் எல்லாம் விற்கும் கடைக்காரர் இரண்டு சிடி கொடுத்தார். இரண்டையும் முப்பது நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு தானாக நின்றுவிடும். "நிதானங்கா சூடண்டி, தொந்தர லேது," என்றார். நிதானமாகப் பாருங்கள், அவசரமில்லை என்கிறார். அவசரம் அவருக்கு இல்லை. எனக்கும் இல்லையென்று நினைத்தார் பாவம்.

ஒன்று, சித்தூரில் எல்லாரும் வைத்திருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிப்பவர், மாங்கூழ் கம்பெனிக்கு லேபிள் போடுபவர், பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஃபிளெக்ஸ் கடை, எல்லாரிடமும் அதுதான். அவர்கள் கொண்டுவரும் ஃபைல் அப்படியே திறக்கும். தெலுங்கு எழுத்துகள் கொம்பும் காலும் சிதறாமல் நிற்கும். எங்கேயாவது சிக்கிக்கொண்டால் பக்கத்துக் கடையில் கேட்கலாம். ஊரோடு ஒத்து வாழ் என்பது ஸ்டிக்கர் கடைக்கும் பொருந்தும்.

இன்னொன்று, குவைத்தில் அவர் வரைந்தது. விலை அதிகம். சித்தூரில் அதைத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. தெலுங்கு அடித்தால் எழுத்து ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம் போகும். புத்தியுள்ள யாரும் அதை வாங்கமாட்டார்கள்.

அவர் முதலில் அனுப்பிய ஃபைலை அதில் திறந்தேன். நாமம் முழுதாக வந்தது. வண்ணத்தை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் பார்த்தேன். மொத்த நாமத்துக்கும் பதினோரு புள்ளிதான். எங்கே கையை வைத்திருக்கிறார், எங்கே இழுத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பிறகு படத்தைச் சின்னதாக்கினேன். பக்கத்துக்கு வெளியே, அச்சில் வராத இடத்தில், எதை எதையோ போட்டு வைத்திருந்தார். பாதி வரைந்த மூன்று நாமம். ஒரு அம்புக்குறி. ஏதோ கடைக்கு வெட்டிய அரபி எழுத்தின் மிச்சம். ஒரு ஓரத்தில் தமிழில் 'கரண்டு பில்லு' என்று அடித்து வைத்திருந்தார், மறக்காமல் என்னிடம் கேட்பதற்கு. சித்தூரிலும் அவர் இப்படித்தான். மேஜை முழுக்கக் குப்பை, செய்யும் வேலை மட்டும் சுத்தம்.

வேறு மாதிரி சேமித்து அனுப்பிய ஃபைலில் இதெல்லாம் கிடையாது. அவருடைய மென்பொருளில் திறந்தால்தான் பக்கத்துக்கு வெளியே இருப்பது கூட வரும். அதைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டோ பார்த்து நான் அழுததில்லை. கரண்டு பில்லைப் பார்த்து அழுதேன்.

அப்போதுதான் எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். எதை வாங்கட்டும் என்று அவரையே கேட்பது. வந்து உட்கார்ந்து வேலை செய்யப் போகிறவர் தனக்குப் பழகியதைத்தான் வாங்கச் சொல்வார். 'என்னுதையே வாங்கு' என்று சொல்லிவிட்டால், வருகிறார். எப்போ வர்ற என்று நேராகக் கேட்கலாமே என்றால், கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி தேய்ந்துபோயிருந்தது. பாக்கலாம் என்பதுதான் அதற்குப் பதில்.

மூன்று வெள்ளிக்கிழமை வந்து போனது. மழையைக் கேட்டேன், அவர் ரூமில் தங்கியிருப்பவர்களைக் கேட்டேன், இதை மட்டும் கேட்கவில்லை. அவருடைய மென்பொருளிலிருந்து எங்கள் மெஷினுக்கு அனுப்பி வெட்ட எனக்குத் தெரியாததால், இதற்கு நடுவில் அவர் வரைந்ததைப் பார்த்துப் பெரியவரின் நாமத்தை நானே வரைந்து முடித்தேன். எல்லாரும் வைத்திருந்த மென்பொருளில்தான் வரைந்தேன், அதுதான் என் கைக்கு வந்தது. பெரியவர் நெற்றியோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் போல உற்றுப் பார்த்துவிட்டு, "இது எங்காத்துது," என்று போர்டை எடுத்துக்கொண்டு போனார்.

நாலாவது வெள்ளிக்கிழமை, கடையில் மூன்று பேர் நிற்கும்போது போன் வந்தது. சிடிகளின் முப்பது நாள் முடியப் போனதால், அதற்குமேல் தள்ளிப்போட நாள் இல்லை.

"ரெண்டையும் பாத்துட்டேன். எத வாங்கட்டும்?" என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "அங்க எல்லாரும் எத வச்சிக்கினு கீறாங்களோ அதயே வாங்கு. என்னுது இன்னாத்துக்கு? இது தெரிஞ்சவன் அந்தூர்ல கெடைக்கமாட்டான். அதுன்னா ஆபரேட்டர் ஈஸியா கெடைப்பான்."

"ஆபரேட்டரா?"

"ஆமா. எத்தினி நாளைக்கு நீ ஒண்டியா செஞ்சிக்கினு இருப்ப? ஒரு ஆள போட்டுக்கோ. சம்பளத்துக்கு நான் அனுப்புறேன்."

அக்கறையோடுதான் சொன்னார். அதனால் சண்டை போடவும் வழியில்லாமல் போயிற்று.

"அப்ப நீ?" என்றேன்.

"போன மாசம் கான்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டேன். இன்னும் மூணு வருசம். உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்."

அந்த மூன்று வெள்ளிக்கிழமையும் அவரும் ஒன்றைச் சொல்லாமல்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நம்பர் ஸ்டிக்கருக்கு வந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரி. துன்னியா?" என்று கேட்டேன்.

"துன்னேன். நீ?"

"துன்னேன்," என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை திருப்பதிக்குப் போய், எல்லாரும் வைத்திருந்ததையே வாங்கி வந்தேன். அவர் சொன்னது போலவே ஆபரேட்டர்கள் வந்தார்கள். அந்த வருடத்தில் மட்டும் இரண்டு பேர் வேலை கேட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கும் நல்ல கை. வேலை இல்லை என்று அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் அவர் கேட்பார், "ஆள் கெடச்சானா?" என்று. இன்னும் கெடைக்கல என்று சொல்வேன். ஆள் கிடைத்துவிட்டால், அவர் வந்து செய்ய இங்கே என்ன வேலை மிச்சம் இருக்கும்?