நீல பேஸும் ஜானகியின் கிரைண்டரும்

அடையாறில் ஜானகி குடியிருக்கும் பன்னிரண்டு வீட்டு அடுக்ககத்தில் மெத்தப் படித்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. இரண்டு டாக்டர்கள், ஒரு ஆடிட்டர், பெருங்குடியில் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொண்டு ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டிராத செயலாளர் ஆனந்தகுமார். மாவு விற்பவள் ஜானகி ஒருத்திதான். தரைத்தளத்தில் பெரிய கிரைண்டர் ஒன்றைப் போட்டு, மேலே இருக்கிற பதினோரு வீட்டு இட்லிக்கும் தெருவில் பாதி வீட்டு தோசைக்கும் அவள்தான் பொறுப்பு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவை முதல் வகுப்பில் முடித்தவள் என்பது யாருக்கும் தெரியாது. யாராவது கேட்டால்தானே சொல்ல. அவளிடம் எல்லாரும் கேட்டது மாவு புளித்ததா இல்லையா என்பது மட்டும்தான்.

அந்தக் கட்டடத்துக்கு மூன்று பேஸில், அதாவது மூன்று தனித்தனி லைனில், கரண்ட் வருகிறது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர். வீட்டுக்கு வீடு ஒரு திருகு சுவிட்ச் உண்டு. ஒரு பேஸில் வோல்டேஜ் இறங்கினால் திருகி அடுத்த பேஸுக்குத் தாவிக்கொள்ளலாம். சித்திரை பிறந்து ஏசி கொஞ்சம் முனகியதும் ஒருவர் தாவுவார். அவர் போய் விழுந்த பேஸ் படுத்ததும் அங்கே இருந்தவர் வேறு பேஸுக்குத் தாவுவார். படித்தவர்கள் இப்படித் தாவித் தாவி விளையாடியதில் போன வருடம் ஜானகியின் கிரைண்டர் மோட்டார் இரண்டு முறை கருகியது. வோல்டேஜ் குறைந்தால் கல் சுற்றாது, மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டே சூடாகும். மூன்றாம் முறை எரிந்தால் இதைத் தேற்ற முடியாது என்று மயிலாப்பூர் மெக்கானிக் கையை விரித்துவிட்டார். புது கிரைண்டருக்கு ஜானகிக்கு வழியில்லை. எரிந்தால் தொழிலை ஏறக்கட்ட வேண்டியதுதான்.

எனவே இருபது வருடம் கழித்து டிப்ளமோவைத் தூசி தட்டினாள். ரிச்சி தெருவுக்குப் போய் பாதி உள்ளங்கை அளவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கி வந்தாள். மூன்று பேஸின் வோல்டேஜையும் அளந்து அடுப்படியில் ஒரு சின்னத் திரையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பேஸில் வருவது இருநூற்று முப்பது வோல்ட். போர்டில் வயர் மாட்டுகிற பின் எதுவும் மூன்று புள்ளி மூன்று வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மீட்டர் ரூமில் வயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன் நாகராஜுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

"இன்னாக்கா, இத்த நேரா சொருகிட்டா ஆவாதா?"

"சொருகுனா போர்டும் போகும், தொட்ட நானும் போவேன். அப்புறம் மாவு நீதான் அரைக்கணும்."

நாகராஜ் ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு ஃபியூஸும் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மரும் மாட்டினான். டிரான்ஸ்பார்மர் ஒன்பது வோல்ட்டாக இறக்கித் தரும், அதை நேர்த்திசை மின்சாரமாக்கி இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பங்கிட்டால் பின்னுக்குப் பாதுகாப்பு என்பது ஜானகியின் கணக்கு. முதல் போர்டு மறுநாள் விடிகாலையே செத்தது. ஊரே தூங்கும் அந்த நேரத்தில் லைனில் இருநூற்று ஐம்பத்தைந்து வந்திருந்தது. ஒன்பது என்று எழுதியிருந்த டிரான்ஸ்பார்மரோ சுமை இல்லாத குஷியில் பதிமூன்றைத் தாண்டியிருந்தது. மேலே எழுதியிருப்பதை நம்பியதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அடுத்த போர்டுக்கு முந்நூறு வோல்ட் வந்தாலும் தாங்குகிற மாதிரி கணக்குப் போட்டு, மீறி வந்தால் வெட்டிவிட ஒரு ஜீனர் டயோடையும் வைத்தாள். அது பிழைத்தது. திரையில் மூன்று எண்களைப் பார்த்தபோது, பரீட்சை ரிசல்ட் பார்த்த அன்றைக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்ததே இல்லை.

மாவு வாங்க வந்த ஆனந்தகுமார் அதைப் பார்த்துவிட்டார். அடுப்படிக்குள் முடங்கிக் கிடக்க வேண்டிய விஷயமா இது, குடியிருப்புக்கே பயன்பட வேண்டாமா என்று உருகினார். எந்த பேஸ் நன்றாக இருக்கிறது என்பது வாட்ஸ்அப் குழுவில் தானாக வந்து விழுகிற மாதிரி அவரே ஏற்பாடும் செய்தார். பெரிய படிப்பு படித்தவர் கேட்கும்போது ஜானகிக்கு மறுக்க வாய் வரவில்லை.

மே மாதம் ஒரு ஞாயிறு மதியம் குழுவில் செய்தி விழுந்தது: 'நீலம் நன்றாக உள்ளது.' எட்டு வீட்டு சுவிட்சுகள் ஒரே நேரத்தில் நீலத்துக்குத் திரும்பின. நீலத்தில்தான் ஜானகியின் கிரைண்டர் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தது. திரையில் 224 என்று இருந்தது 203 ஆகி, 181 ஆகி, கண்ணெதிரே சரிந்தது. கருகல் வாடை மூக்கில் ஏறுவதற்கும் அவள் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்கும் சரியாக இருந்தது. மோட்டார் மயிரிழையில் தப்பியது. அடுத்த நிமிடம் நீலத்தின் மெயின் ஃபியூஸ் போய் எட்டு வீட்டிலும் கரண்ட் நின்றது, எட்டும் அவரவர் பழைய பேஸுக்கே திரும்பின. பாதி அரைத்த உளுந்து வீணாகி மறுநாள் மாவு இல்லை என்றதும்தான் குழுவில் உண்மையான கொந்தளிப்பு கிளம்பியது.

சங்கக் கூட்டம் போட்டார்கள். ஜானகியின் வோல்டேஜ் மிஷின் வந்த பிறகுதான் ஃபியூஸ் போகிறது, ஆகவே மிஷினில்தான் கோளாறு என்று ஆனந்தகுமார் கண்டுபிடித்தார். எட்டு வீடு ஒரே பேஸில் ஏறினால் எது தாங்கும் என்று ஜானகி கேட்டாள். எட்டுப் பேரும் தாங்கள் ஒரே ஒரு ஏசிதான் போட்டதாகச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் சரிசெய்யாவிட்டால் மிஷினைக் கழற்றிவிட வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜானகி அழுதாள். அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

மிஷினைச் சரிசெய்யப் பத்து நிமிடம் ஆயிற்று. புரோகிராமில் ஒரே ஒரு வரி. இனி குழுவுக்குப் போகும் செய்தி எப்போதும் 'மூன்று பேஸும் சமம், மாற்றத் தேவையில்லை' என்றுதான் சொல்லும். சந்தேகம் வரக்கூடாது என்று 204, 207, 205 என இஷ்டத்துக்கு எண்களைக் கலைத்துப் போடவும் சொல்லிக்கொடுத்தாள். உண்மையான எண்கள் அடுப்படித் திரையில் மட்டும்.

அதன்பின் யாரும் சுவிட்சைத் தொடவில்லை. அந்தக் கோடை முழுக்க ஃபியூஸ் போகவில்லை, மாவும் நிற்கவில்லை. ஆண்டு விழாவில் ஆனந்தகுமார் ஜானகிக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைப் பிடித்தார்.

"மனுஷன் பொய் சொல்லுவான், மிஷின் சொல்லாது. இப்பதான் மேடம் உங்க மிஷின் கரெக்டா வேலை செய்யுது."

"ஆமா சார்," என்றாள் ஜானகி.

வீட்டுக்கு வந்து பொன்னாடையை மடித்து கிரைண்டருக்கு மூடியாகப் போட்டுவிட்டு அடுப்படித் திரையைப் பார்த்தாள். 206, 204, 207. யாரும் தாவாததால் மூன்று பேஸும் நிஜமாகவே சமமாகிவிட்டிருந்தன. அவள் சொன்ன பொய்யை அந்தப் படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து உண்மையாக்கியிருந்தார்கள். அவள் சொன்ன உண்மையைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.