கிணற்றுக் கப்பியின் சத்தம்

பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில் நான் ஒரு நிறுவனம் தொடங்கினேன். நிறுவனம் என்ற சொல்லைப் பயன்படுத்தியது நான் ஒருத்திதான். திருகோணமலை நகரில் என் அண்ணன் நடத்திய, தொலைபேசி அழைப்புக்கு ஆட்கள் வந்துபோகும் கொமியூனிக்கேஷன் கடையின் பின்பக்கம், போட்டோக் கொப்பி இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கதிரை, ஒரு பழைய கணினி. வருகிறவர்களிடம் அண்ணன், "உள்ளுக்க முதலாளியம்மா இருக்கிறா, மெதுவாக் கதையுங்கோ" என்பான்.

என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. அதன் மட்டையில் 'இனி வரப்போவது' என்று எழுதியிருந்தேன். கொழும்பிலிருந்து பிந்தி வரும் கணினிச் சஞ்சிகைகளைப் படித்துவிட்டு என் கணிப்புகளை அதில் எழுதிவைப்பேன். கசெற் இல்லாமல் போகும் என்று எழுதினேன், அது சரி. எல்லோருடைய சட்டைப் பையிலும் தொலைபேசி இருக்கும் என்று எழுதினேன், அதுவும் சரி. வீட்டுக்கு வீடு ஃபக்ஸ் இயந்திரம் வரும் என்றும் எழுதியிருக்கிறேன். அதை அண்ணன் இன்றைக்கும் மறக்கவில்லை.

யோசனை இதுதான். எங்கள் பக்கத்தில் ஆண்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனால், வீட்டில் இருப்பவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் பேசி, போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள். சண்டை மறுபடி தொடங்கியதும் போகிறவர்கள் குறைந்தார்கள். பேசிய கசெற்றுகள் அலுமாரிக்குள் கிடந்தன. கடைக்கு வந்து அழைப்புக்காகக் காத்திருக்கலாம் என்றால், எங்காவது ஒன்று வெடித்தால் வீதி மூடிவிடும், கைத்தொலைபேசியும் வேலை செய்யாது. ஈமெயிலுக்கு வீதி தேவையில்லை. ஆகவே நான் சைக்கிளில் வீட்டுக்கே போய்ச் சின்ன ரேப் ரெக்கோடரில் குரலைப் பதிவேன். கடைக்குக் கொண்டுவந்து கணினியில் ஏற்றி அனுப்புவேன். வெள்ளிக்கிழமை லீவு நாளில் அங்கே மகனோ கணவனோ ஏதாவது நெற் கடையில் இருந்து கேட்பார்.

ஒரேயொரு சிக்கல், எங்கள் இணையம் தொலைபேசிக் கம்பியில் ஊர்ந்தது. பத்து நிமிடப் பேச்சு போய்ச் சேருவதற்குள் இணைப்பு இரண்டு தடவை அறுந்துவிடும். அப்போதுதான் ஒரு மென்பொருளில் அந்த வசதியைக் கண்டுபிடித்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் பேச்சின் பின்னால் கேட்கும் இரைச்சல் போய்விடும். இன்னொன்றை அழுத்தினால் பேச்சில்லாத இடங்கள் எல்லாம் வெட்டுப்பட்டுவிடும். பத்து நிமிடம் நாலு நிமிடமானது. அன்றைக்குக் கொப்பியில் 'வெறும் காற்றை அனுப்பத் தேவையில்லை' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

பாலையூற்றில் ஓர் அன்ரி இருந்தார். கணவர் இல்லை, ஒரே மகன். அந்த வயதுப் பெடியள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வராத காலம் அது. தெரிந்த ஒருவரைப் பிடித்து மகனைக் கட்டாருக்கு அனுப்பியிருந்தார். வேலை என்ன, சாப்பாடு எப்படி என்று அவர் அதிகம் கேட்பதில்லை. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ஒன்றை மட்டும் தவறாமல் சொல்வார்: "இஞ்ச வரோணும் எண்டு நினையாத ராசா. நீ அங்க இருந்தாத்தான் எனக்கு நித்திரை."

அவர் பேசுவது மிக மெதுவாக. ஒரு வசனம் சொல்வார். பிறகு முற்றத்தைப் பார்ப்பார், கோழியை விரட்டுவார், அடுத்த வசனம் வரும்வரை ரெக்கோடர் சும்மா சுற்றும். பின்னால் கிணற்றுக் கப்பி கிறீச்சிடும், பக்கத்து வீட்டு அக்கா தன் ஆட்டை மனிதரைத் திட்டுவதுபோலத் திட்டுவார். என் புதிய பொத்தான்களுக்கு அதைவிடச் சிறந்த குரல் கிடைக்காது. வெட்டினேன், துடைத்தேன், அனுப்பினேன். கணினியில் இடம் போதாததால் முழுப் பதிவை அழித்தேன். கசெற்றில் அவருக்கு மேலே வேறொருவரைப் பதிந்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் கடைத் தொலைபேசி அடித்தது. அந்த மகன்தான்.

"தங்கச்சி, அம்மா எங்க?"

"வீட்டதான் அண்ணா. சுகமா இருக்கிறா. புதன்கிழமை நான் போய்ப் பாத்தனான்."

"பொய் சொல்லாதேங்கோ. அது எங்கட வீடில்ல. ஒரு காகம் கத்தேல்ல, ஒரு கோழி இல்ல. அம்மா மூச்சு விடாமக் கதைக்கிறா. அவ அப்பிடிக் கதைக்கிற ஆள் இல்ல. ஆரோ பக்கத்தில நிண்டு எழுதிக் குடுத்து வாசிக்க விட்ட மாதிரி இருக்கு. எங்க வச்சிருக்கிறாங்கள்?"

"ஐயோ அண்ணா, அது நான்தான் வெட்டினனான்—"

"என்னத்தை வெட்டினனீங்கள்? நாளைக்குக் காலமை கொம்பனியில விலகல் கடிதம் குடுக்கிறன். திங்கக்கிழமை வெளிக்கிடுறன். நாளைக்குப் பின்னேரம் ஒருக்கா ஈமெயில் பாப்பன், அதோட சரி—"

தொலைபேசிக் கார்டில் காசு முடிந்து அழைப்பு அறுந்தது. நான் திருப்பி எடுக்க அவருக்கென்று ஒரு நம்பர் இல்லை.

நடந்ததை விளக்கித் தட்டெழுதி உடனே ஈமெயிலில் அனுப்பினேன். அண்ணன் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டுச் சொன்னான்: "எடியே, இதை அவன் நம்புவானே? தாயைப் பிடிச்சு வச்சிருக்கிறவன் இதைவிட வடிவா எழுதுவான்."

அவன் சொன்னது சரி. அன்று பின்னேரமே அன்ரி வீட்டுக்குப் போக வெளிக்கிட்டேன். கண்டி வீதியில் ஆமிக்காரர் சைக்கிள்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாலையூற்றில் சுற்றிவளைப்பு. குடாவுக்கு அப்பால், சம்பூர்ப் பக்கம், ஷெல் விழுகிற சத்தம் கேட்டபடி இருந்தது. அந்தப் பையன் கட்டாரில் இருந்து எந்த இடத்துக்கு வரப்போகிறான் என்று யோசித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினேன். சும்மா வரப்போகிறவன் அல்ல, ஒரு பொத்தானை நான் அழுத்தியதால் வரப்போகிறவன்.

சனி காலை ஒன்பது மணிக்கு வீதி திறந்தது. அன்ரி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, "வாறானோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அந்தப் பெட்டியை எடு பிள்ளை" என்றார்.

"கதிரையில இருந்து சொல்லுங்கோ அன்ரி, நான் பிடிக்கிறன்."

"இருந்து என்னத்தைச் சொல்லுறது? வீடு கேக்காம என்ர கதையை மட்டும் நம்புவானே? இஞ்ச தா."

ரெக்கோடரைக் கையில் வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். படலையைத் திறந்து மூடினார், அது மண்ணில் இழுபடும் சத்தம் பதிந்தது. குசினிக்குள் போய் மூடி நசுங்கிய கேத்திலைத் தட்டினார். கோழியிடம் கொண்டுபோய் நீட்டினார். வழக்கமாக ஓயாமல் கத்தும் அந்தக் கோழி அன்றைக்கு வாய் திறக்கவில்லை. "உனக்கு இண்டைக்குத்தான் மரியாதை வந்தது" என்று அதைத் திட்டினார். வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, உன்ர ஆட்டை ஒருக்காப் பேசு."

"ஏன் மாமி? அது இண்டைக்கு ஒண்டும் செய்யேல்லையே."

"நேத்துச் செய்ததுக்குப் பேசு!"

அந்த அக்கா கொஞ்சம் வெட்கத்தோடு தொடங்கினார். ஆட்டைப் பார்த்ததும் பழைய கோபங்கள் ஞாபகம் வந்திருக்க வேண்டும், பிறகு நிறுத்துவது கஷ்டமாகிவிட்டது.

கடைசியாக அன்ரி கிணற்றடிக்கு வந்து ரெக்கோடரைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துத் தண்ணீர் அள்ளினார். கப்பி இறங்கும்போது ஒரு சத்தம், ஏறும்போது வேறொரு சத்தம். வாளியை வைத்துவிட்டு முற்றத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் நேரத்தைப் பார்த்தேன். பிறகு சொன்னார்: "கேட்டியே ராசா? நான் வீட்டதான். வராத."

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்தார்கள். என் வயதுதான் இருக்கும் அந்த ஆமிக்காரனுக்கு. ரெக்கோடரை எடுத்து, "மேக்க மொக்கத?" என்றான். இது என்ன என்று கேட்கிறான். போட்டுக் காட்டச் சொன்னான். கப்பிச் சத்தம் வந்தது. புருவத்தைச் சுருக்கிக் காதுக்குக் கிட்ட வைத்தான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "லிந்த" என்றேன், கிணறு. கிணற்றை ஏன் ஒருத்தி பதிந்துகொண்டு போகிறாள் என்று அவன் கேட்டிருந்தால் விளக்க எனக்குச் சொற்கள் போதாது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டான். வாளி கிணற்றுக் கட்டின்மேல் முட்டும் சத்தம் வந்ததும் ரெக்கோடரைத் தந்து போகச் சொன்னான்.

அது பன்னிரண்டு நிமிடப் பதிவு. ஒரு விநாடியையும் வெட்டவில்லை. இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. அண்ணன் கடை வாசலில் நின்று, "லைன் வேலை செய்யேல்ல, பின்னேரம் வாங்கோ" என்று வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டுத் தொலைபேசியை முழுவதும் எனக்கு விட்டான். ஒரே கோப்பாகப் போகாது என்று தெரிந்ததும் ஆறு துண்டாகப் பிரித்தேன். ஆறாவது துண்டு போனபோது இரண்டரை மணி.

ஞாயிறு முழுவதும் பதில் இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்தேன். "பாத்தாப்போல வந்திடுமே?" என்று அண்ணன் கேட்டான், ஆனால் வழக்கமான நக்கல் அதில் இல்லை.

திங்கள் காலையில் வந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ், மூன்று வரி: 'வெளிக்கிடேல்ல. கடிதத்தைத் திருப்பி வாங்கீட்டன். அம்மாட்டச் சொல்லுங்கோ, கப்பி இன்னும் கத்துது, எண்ணெய் விடச் சொல்லி.'

அந்தக் கிழமை என் கொப்பியில் இருந்த 'வெறும் காற்று' வரியை அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. இப்போது நான் பார்க்கும் ஒவ்வொரு புதிய மென்பொருளும் பின்னணி இரைச்சலைத் தானாகவே அகற்றுவதைப் பெரிய சாதனையாகச் சொல்கிறது. அது நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் எந்த வேலையைத் தொடங்கினாலும் முழுக் கோப்பை அழிப்பதில்லை. பயன்படுத்தப்போகிறவரிடம், இதில் எது உங்களுக்கு வேண்டாதது என்று முதலில் கேட்கிறேன். சிலர் எரிச்சல்படுகிறார்கள்.

பதிலைக் கொண்டுபோனபோது அண்ணனின் சைக்கிள் எண்ணெய்ப் போத்தலையும் கொண்டுபோனேன். அன்ரி அந்த மூன்று வரியையும் என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். நான் போத்தலோடு கிணற்றடிக்குப் போனதும் பின்னாலேயே வந்தார்.

"என்ன செய்யப் போறாய்?"

"எண்ணெய் விடப்போறன் அன்ரி. மகன் சொன்னவரெல்லே."

"வேண்டாம் பிள்ளை. அது கத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, கயிற்றைப் பிடித்து வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார்.