அறையில் இருந்த இன்னொருவர்

என் கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஓட்டிய அதே கம்பெனியிலிருந்து என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். பேக்கிங்கில் வேலையாம். அங்கே, அந்த மெஷினில்தான் அவர் உயிர் போனது. ஆனாலும் ஆவடியில் வாடகை வீடு, ஐந்து வயதில் மகள். போனேன். பைக்கில் கூட்டிவந்த என் அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார்.

உள்ளே மேனேஜரோடு இன்னொருவரும் இருந்தார். அவர் யாரென்று யாரும் சொல்லவில்லை. மேனேஜர் தண்ணீர் கொடுத்தார். எதுவரை படித்திருக்கிறேன், நின்றுகொண்டே வேலை செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். வேலையைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

"ஆக்சிடென்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி உங்க வீட்டுக்காரர் நல்லா தூங்கினாராம்மா?" என்றார் மற்றவர், மிக மெதுவாக.

அவர் தூங்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல். என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார். அதை யாரிடமாவது சொல்லி அழ வேண்டும்போல் அத்தனை நாளும் இருந்தது. ஆனால் இந்த ஆளிடம் சொல்லக்கூடாது என்று பட்டது.

"வேலைக்கும் அதுக்கும் இன்னா சார்?" என்றேன்.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான். குடிப்பழக்கம் ஏதாவது?"

எழுந்துவிட்டேன். "எனக்கு இந்த வேலை வாணாம் சார்."

அண்ணனுக்குக் கோபம். "தானா வந்த வேலைய வுட்டுட்டு வந்து நிக்கிறியே. பாப்பாவ எப்படி வளப்பே?"

"தெரியலண்ணே. இன்னாவோ தப்பா பட்டுச்சு."

சில நாள் கழித்து, என் கணவரோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். "அந்தாளு கம்பெனி வக்கீல் அண்ணி. நம்ம அண்ணன்தான் மெஷின்ல தூங்கி அசந்துட்டாருன்னு பழிய அவர் மேலயே போட்டு முடிக்கப் பாத்தாங்க. கை உள்ள போனா மெஷின நிறுத்துற சென்சார் ரொம்ப நாளா வேலை செய்யல. எங்க எல்லாருக்கும் தெரியும்."

இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டோம். அவரே சாட்சி சொன்னார். வழக்கு எங்களுக்குச் சாதகமாக முடிந்தது. "நீ எழுந்து வந்தது நல்லதாப் போச்சு" என்றார் அண்ணன்.

எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்றால் என் கணவருக்கும் தெரிந்திருக்கும். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒவ்வொரு நாள் காலையும் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே, சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.