கடைக்கு மேலே குடியிருந்தவள்

இந்த ஊரில் ஒருத்தி நடந்து போனாலே ஏதோ ஆபத்து என்று நினைக்கிறார்கள். கனடா வந்த புதிதில் வெங்காயம் வாங்க ஷாப்பிங் மாலுக்கு நடந்து கிளம்பினேன். பக்கத்தில் ஒரு கார் நின்றது. வண்டி பழுதா, எங்கேயாவது கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார் ஓர் அம்மாள். பழுதெல்லாம் இல்லை, வெங்காயம் என்றேன். பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஷாப்பிங் மாலைச் சுற்றிக் கார் நிறுத்தும் தார்த்தரை கிடக்கிறது பாருங்கள், அதைக் கடக்கவே கட்டுச்சோறு வேண்டும். கடைகளை இத்தனை பெரிதாகக் கட்டியவர்கள், பக்கத்தில் ஒரு மனுஷர் குடியிருக்க ஏன் இடம் விடவில்லை? எனக்கு அது புரியவே இல்லை.

எண்பதுகளில் மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் மளிகைக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். எண்ணெய் காயும்போது கடுகு தீர்ந்திருந்தால் கயிறு கட்டிய கூடையை இறக்குவேன். கடைக்கார அண்ணாச்சி கடுகோடு கறிவேப்பிலையும் போட்டு அனுப்புவார். விடிந்தால் ஷட்டர் சத்தம், நாள் முழுக்க ரயில் சத்தம், மிளகாய் மூட்டை பிரித்தால் வீடே தும்மும். ஆனாலும் எதற்கும் யாரையும் எதிர்பார்த்து நின்றதில்லை. இங்கே எனக்குக் கார் ஓட்ட வரவில்லை. சனிக்கிழமை என் கணவர் சாவியை எடுத்தால்தான் எனக்கு வெளியுலகம். ஜெயிலில்கூடப் பேச்சுத்துணை இருக்கும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

அப்போதுதான் அந்தத் தார்த்தரையில் பாதியை எடுத்துக் கீழே கடை, மேலே வீடு என்று கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. வந்தால் அங்கேயே குடிபோய்விடுவது என்று முடிவே செய்துவிட்டேன். பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். கூட்டம் சேரும், சத்தம் வரும் என்று ஆளாளுக்கு எதிர்த்தார்கள். எழுந்து நின்று, கூடை, ரயில், மிளகாய் நெடி எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். ஹாலே பலமாகக் கைதட்டியது. பக்கத்து வீட்டு லிண்டா கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். “இனி நீ அப்படி வாழ வேண்டாம், நாங்கள் விடமாட்டோம்” என்றாள். அடிப்பாவி! நான் சொன்ன அருமையெல்லாம் அவர்கள் காதில் அவலமாக விழுந்திருக்கிறது. திட்டத்தைக் கைவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை தாம்பரத்துக்குப் போன் போட்டேன். எங்களுக்குப் பிறகு அதே மாடியில் குடியேறியவள் என் தங்கை வசந்தா.

“அக்கா, நாங்க வீட்டைக் காலி பண்றோம். கேளம்பாக்கம் தாண்டி சொந்தமா கட்டியாச்சு. சுத்தி ஒரு கடை கிடையாது, அவ்ளோ அமைதி. நீ அனுப்பின உங்க கனடா வீட்டு போட்டோ பார்த்துத்தான் அவருக்கு ஆசையே வந்துது.”

சந்தோஷம் என்று சொல்லிவைத்தேன். மாடிக்கு வேறு யாராவது வருகிறார்களா என்று கேட்டேன்.

“இன்னும் யாரும் வரல. ஏன்க்கா, உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது வீடு தேடறாங்களா?”

ஒருத்தி தேடுகிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் என் கணவர் ஹாரன் அடித்தார். போனை வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.