ஒரே வரியில் இரண்டு வேலை

நான் இருந்தேன். மனுசி ரெஜினா இருந்தா. கிண்ணியாவிலிருந்து நாசர் வந்திருந்தார். மேசையில் பழைய லப்டொப். அவ்வளவுதான் சனம்.

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்த பிறகு. லிங்கநகரில் எங்கட வீடு.

விசயம் இதுதான். வள்ளத்து ஜீபிஎஸ் உப்புத்தண்ணி பட்டுச் செத்துப்போச்சு. கடலுக்கடியில் மீன் நிற்கிற பாறைத்திட்டுகள், எங்கட பேச்சில் பார்கள் – இருபது வருசமாய் நான் தேடிப் பிடித்த இடங்கள் – எல்லாம் அதற்குள். ஒரேயொரு பிரதி லப்டொப்பில். அதிலோ விண்டோஸ் வரவில்லை.

நாசர் வள்ளங்களுக்கு ரேடியோ, ஜீபிஎஸ் பூட்டுகிறவர். லினக்ஸ் போட்ட யூஎஸ்பி ஒன்று கொண்டுவந்தார். அதால் லப்டொப்பை எழுப்பி பைலை எடுக்கலாமாம். ஒரு வில்லங்கம்... அவரும் மீன் பிடிக்கிறவர். நான் போகிற கடலில்தான். பார் இருக்கிற இடத்தை எங்கட ஆக்கள் மச்சானுக்கும் காட்டமாட்டினம். வேறு வழி?

யூஎஸ்பியைச் செருகி எஃப் பன்னிரண்டை அமத்தினார். எதிலிருந்து எழுப்புவது என்று பட்டியல் வந்தது. யூஎஸ்பி இரண்டு தரம் இருந்தது.

"ஒண்டுதானே செருகினது?" என்றேன்.

"ஓம் அண்ணன். ஒண்டுக்கு முன்னால யூஈஎஃப்ஐ எண்டு கிடக்கு. மத்ததுக்கு இல்ல."

"அப்பிடியெண்டா?"

"ஒண்டையே ரெண்டு விதமா எழுப்பலாம். இது பழைய மெஷின். எது சரிவரும் எண்டு சொல்லேலா."

முதலாவதில் இருட்டு. இரண்டாவதில் இன்னொரு பட்டியல். முதல் வரி, 'ட்ரை ஓர் இன்ஸ்டோல்'. கீழே முப்பதிலிருந்து எண் இறங்குது.

ட்ரை என்றால் சும்மா பார்க்கிறது, இன்ஸ்டோல் ஆனால் எல்லாம் அழியும் என்று நாசர் முதலே சொன்னவர். அப்ப இந்த வரி எதைச் செய்யும்? பார்க்குமா... அழிக்குமா?

"நான் இன்ஸ்டோல்தான் செய்திரிக்கன், அண்ணன். சும்மா பாத்ததில்ல" என்று தலையைச் சொறிந்தார்.

"பொம்பிளை பாக்க வந்தவை நேரே தாலியையும் கட்டினமாதிரியெல்லோ கிடக்கு" என்றா ரெஜினா.

ஐந்து... நாலு... ஒருவரும் தொடவில்லை. அதுவே உள்ளே போனது. ரெஜினா வயரைப் பிடுங்கினா. பட்டரி எப்பவோ செத்தது, உடனே நின்றது.

திரும்ப முதலிலிருந்து. இந்தமுறை விட்டுப் பார்த்தோம், ரெஜினாவின் கை வயரில். உள்ளே போனபிறகு ஒரு பெட்டி வந்து கேட்டது – ட்ரையா, இன்ஸ்டோலா? தனித்தனி பட்டன். இதை முதலே சொல்ல என்ன கேடு? எத்தனை விசயம் இப்பிடி... உள்ளே போனால்தான் கேள்வியே வருது.

ட்ரை. நாசர் பைலைத் தேடி வேறு பென்ட்ரைவில் போட்டார். திறந்தார். வரிவரியாய் என் பார்கள்.

உடனே நாசர் தன் கதிரையைத் திருப்பிப்போட்டு, சுவரைப் பார்த்து இருந்துகொண்டார்.

"நான் பாக்கல்ல. எண்ணுங்க அண்ணன், எல்லாம் இரிக்கா?"

விரல் வைத்து எண்ணினேன். "ஓம்."

"எத்தின?"

எங்கட தொழிலில் அந்த எண்ணிக்கையையும் வெளியில் சொல்கிறதில்லை. அவருடைய முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

முப்பத்தெட்டு.